சபையை விட்ட பிறகு வீட்டுக்கு வரும் பாஸ்டர்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வாசகர் மூவரின் அனுபவங்கள்

கொய்யாமரம், சாட்ஸ்வொர்த்:
நாலைந்து ஞாயிறு ஆராதனைக்குப் போகாவிட்டால் இங்கே நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் செல் குரூப் (சபையின் சிறு ஜெபக் குழு) தலைவரின் வாட்ஸ்அப். அடுத்து பெரியம்மா போனில் அழுவார். அப்புறம் ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தால், பாஸ்டரும் இரண்டு மூப்பர்களும் அப்பாவோடு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். "சும்மா ஜெபிச்சிட்டுப் போகலாம்னு வந்தோம்."

இங்கே பலரும் சறுக்குவது காரணம் சொல்லப் போய்த்தான். வசனத்தை எடுத்து வாதாடுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீங்கள் ஒன்று சொன்னால் பத்து வரும். "வந்ததுக்கு நன்றி பாஸ்டர். நான் இனி சபைக்கு வரலை. அதைப் பத்திப் பேசவும் விரும்பலை." இவ்வளவு போதும். திரும்பக் கேட்டால் அதே சொற்கள், அதே குரல். தலையில் கை வைக்க வந்தால் ஓரடி தள்ளி நின்று "வேண்டாம்" என்று சொல்லுங்கள். மூன்றாம் முறையும் கேட்டால் வெளியே கிளம்பிவிடுங்கள். அதற்குத்தான் பர்ஸும் சாவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது.

முதல் சில வாரம் தொல்லை கூடத்தான் செய்யும். பத்து அழைப்பை விட்டுவிட்டுப் பதினொன்றாவதை எடுத்தால், பதினொரு தடவை அடித்தால் எடுப்பார் என்று நீங்களே பழக்கிவிட்டதாக ஆகும்.

ஃபீனிக்ஸ்காரி:
பேச்சு அப்புறம், முதலில் பேப்பர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் மூன்றும் அம்மாவின் அலமாரியில் இருந்தால் சண்டை வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

போன் அப்பா பெயரில் கான்ட்ராக்ட் என்றால் உங்கள் பெயரில் ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி ரிக்கா பதிவு (சிம் யாருடையது என்று சட்டப்படி பதிவது) செய்யுங்கள். அதற்கு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும். புது எண்ணை வங்கியில் மாற்றிய பிறகுதான் பழைய சிம்மைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் ஓடிபி அப்பா பெயரிலுள்ள பழைய எண்ணுக்கே போகும், உங்கள் பணம் உங்களுக்கே பூட்டு. தசமபாகம் டெபிட் ஆர்டராக, அதாவது கணக்கிலிருந்து தானாகவே கழிந்து, போகிறதா என்றும் வங்கி ஆப்பில் பாருங்கள். சபைக்கு வருவதை நிறுத்தியும் பத்து சதவீதம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும் கணக்குகள் நிறைய.

வெரூலம் வாசகர்:
சட்டம் கடைசிப் படிதான், ஆனாலும் தெரிந்திருக்கட்டும். 1998ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் 2023 ஏப்ரலில் அமலானது. ஒருவருடைய நம்பிக்கையை வளைத்து, அவரைக் கொடுமைப்படுத்த அதையே நியாயம் காட்டுவதையும் அது ஆன்மிகக் கொடுமை என்கிறது. அப்பா, மாமா என்றால் இந்தச் சட்டம். பாஸ்டர் உறவுக்காரர் அல்ல, அவர் பின்தொடர்ந்தால் 2011ஆம் ஆண்டின் தொந்தரவுத் தடுப்புச் சட்டம். இரண்டுக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விண்ணப்பிக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. அவர்கள் வந்த தேதி, நேரம், செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருந்தால் கோர்ட் கிளார்க்கிடம் பேச்சு சுலபமாக நகரும்.

கொய்யாமரம், சாட்ஸ்வொர்த்:
இன்னொன்று. குட் ஃப்ரைடே வந்தால் இரண்டு பக்கமும் இழுப்பார்கள். அம்மா பக்கம் ஆராதனைக்குக் கூப்பிடும். மதம் மாறாத பெரியப்பா, "அதான் சபையை விட்டாச்சே, இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் அன்னைக்குத்தான் திருவிழா, வா" என்பார். பாஸ்டரிடம் சொன்ன அதே பதில் பெரியப்பாவுக்கும். அவர் அன்பாகக் கேட்கிறார் என்பதற்காக இங்கே இளகினால், அம்மா காதுக்கு அது வேறு மாதிரி எட்டும். இழவு வீடு வேறு கணக்கு: போங்கள், பின்வரிசையில் நில்லுங்கள், யாராவது ஜெபம் நடத்தச் சொன்னால் டீ பரிமாறும் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸ்காரி:
பிள்ளை உள்ளவர்களுக்கு: சனிக்கிழமை பிள்ளையை ஆயா (பாட்டி) வீட்டில் விட்டால், ஆயா ஜெபம் பண்ணிச் சோறூட்டட்டும். நரகம், பிசாசு என்று பயமுறுத்தக் கூடாது என்பதை மட்டும் ஆயாவிடம் நேரில் சொல்லுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் வேண்டாம். மீறினால் அடுத்த சனிக்கிழமை பிள்ளையைத் தனியாக விடாமல் நீங்களும் கூடவே இருந்துவிட்டு வாருங்கள்.