தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடிய ஏழு மாதங்கள்

என்னுடையது 2003-ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார். மதுரை, திருநெல்வேலி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்துவந்த வண்டி, சென்ற மே மாதம் ரேடியேட்டர் ஒழுகலைச் சரிசெய்த பிறகு திடீரென்று அதிகமாகக் குடிக்கத் தொடங்கியது. அதே பங்க்கில், அதே பம்பில், தானாக நிற்கும்வரை நிரப்பி அளந்து பார்த்தேன்: 361 கிலோமீட்டருக்கு 31.4 லிட்டர், அதாவது 11.5.

பிளக்குகளைக் கழற்றியபோது முனைகளில் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் கலவை கெட்டியாக, அதாவது காற்றின் அளவுக்கு மீறிய பெட்ரோலோடு, போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஆனால் ஏன் போகிறது என்பதில்தான் நான் தடுமாறினேன். ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம் என்று தொடங்கி, கடைசியில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றினேன். பழைய சென்சாரில் பெரிய குறை இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பரில் ஒரு விடியற்காலைப் பயணத்தில்தான் வெப்பநிலை முள்ளைக் கவனித்தேன். நகர நெரிசலில் பாதிவரை ஏறியிருந்த அது, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகப்போக இறங்கி, கால் பங்குக்கும் கீழே வந்து நின்றது. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திய உடனேயே கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின்) சூட்டை அளக்கும் சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். இவ்வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம் காட்டவேண்டியது, 650-ஐக் காட்டியது. ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை, இன்ஜின் உண்மையிலேயே 60 டிகிரியைக்கூட எட்டவில்லை. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பிய இன்ஜின் கணினி, காலையில் முதல்முறை கிளப்பும்போது கொடுப்பதைப்போலக் கூடுதல் பெட்ரோலை வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

மறுநாள் இன்ஜின் ஆறியபின் உறையைத் திறந்து பார்த்தால், இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. ரேடியேட்டர் வேலை பார்த்த பட்டறையில் கேட்டதற்கு, "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார், ஹீட் ஆகக் கூடாதுன்னுதான் எடுத்துட்டோம்" என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்திலிருந்து நம் பக்கம் தொடரும் பழக்கம் இது. அந்த வண்டிகளில் கலவையைக் கூட்டிக் குறைக்கச் சென்சாரை நம்பும் கணினி கிடையாது. புதிய தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் போட்டு, கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றியபின் அளந்ததில் 453 கிலோமீட்டருக்கு 29.8 லிட்டர் பிடித்தது, அதாவது 15.2.

* * *

இதைப் படித்த வாசகர் ஒருவர் எழுதியது:

ஐயா, என் வண்டியில் வெப்பநிலை முள் சரியாகவே நின்றது; ஆனாலும் லிட்டருக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளிப் பார்த்தபோது வண்டி நகர மறுத்தது. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனால், முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் வழுக்கு ஊசி துருப்பிடித்து இறுகி, பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தது. சுத்தம்செய்து கிரீஸ் வைத்ததில் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் திரும்பக் கிடைத்தது. எத்தனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைந்தது என்பதால், இருபது விழுக்காடு கலந்த இன்றைய பெட்ரோலில் ஏற்படும் சிறிய இழப்பை நான் கணக்கில் எழுதிவிட்டேன்.