ரோபோ போட்டிகளால் ஆய்வுக்குப் பயன் உண்டா?

கேள்வி:
முதுநிலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரோபோ போட்டிகள் கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தருமே தவிர, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு உதவா என்கிறார் என் வழிகாட்டி. போட்டியின் நெருக்கடியில் உருவாகி, ஆய்வுலகில் மதிப்புப் பெற்ற நுட்பம் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
உண்டு. 2004 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, ஓட்டுநர் இல்லா வாகனங்களுக்காக மொஹாவி பாலைவனத்தில் நடத்திய போட்டியில், சுமார் 240 கி.மீ. பாதையில் எந்த வண்டியும் 12 கி.மீ.யைக்கூடத் தாண்டவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் 212 கி.மீ. பாதையை ஐந்து வண்டிகள் ஓடி முடித்தன. அவற்றுள் முதலிடம் பெற்ற ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி'யைப் பாருங்கள். அதன் கூரையிலிருந்த லேசர் உணரிகள் இருபது மீட்டர் சொச்சம் வரைதான் தரையை நம்பத்தக்க அளவில் அளந்தன. அதை மட்டும் நம்பி வேகமெடுத்தால், தடையைக் கண்ட பிறகு நிறுத்த இடம் இருக்காது. எனவே, ஓட்டலாம் என்று லேசர் உறுதிசெய்த தரை கேமராப் படத்தில் எப்படித் தெரிகிறது என்பதை ஓடும்போதே கற்றுக்கொண்டு, அதே தோற்றம் தொலைவில் எதுவரை தொடர்கிறது என்று பார்த்து அது வேகத்தை முடிவுசெய்தது. எது ஓட்டத்தக்க தரை என்று மனிதர் எவரும் அந்தப் படங்களில் குறியிட்டுத் தரவில்லை. லேசரே கேமராவுக்கு ஆசிரியராக இருந்தது.

மறுமொழி 2:
இது சரியே, ஆயினும் உங்கள் வழிகாட்டியின் ஐயத்தையும் தள்ளிவிட முடியாது. 1997இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய ரோபோகப் கால்பந்தில், எல்லா அணிகளும் ஒரே வகை ரோபோவைக் கொண்டு ஆடும் பிரிவில் நெடுங்காலம் ஆரஞ்சு நிறப் பந்துதான் இருந்தது. பந்து என்றால் என்னவென்று அறியாமலே, ஆரஞ்சுப் புள்ளிகளைத் தேடும் நிரலை எழுதிவிட்டு ஆடலாம். 2016இல் கறுப்பு வெள்ளைப் பந்து வந்ததும், வெள்ளைக் கோடும் சக ரோபோவின் வெள்ளைக் காலும் பந்தாகத் தெரியத் தொடங்கின. அதன் பின்னரே பல அணிகள், எடுத்துக்காட்டுப் படங்களிலிருந்து பந்தை அடையாளம் காணக் கற்கும் நரம்பு வலைப்பின்னல்களை நாடின. (கல்லூரி நாளில் நாங்கள் செய்த கோடு தொடரும் ரோபோவும் இந்த வகைதான். ஆய்வகக் குழல்விளக்கின் கீழ் பிசகாமல் ஓடியது, அரங்கில் ஜன்னல் வெயில் விழுந்த இடத்தில் கோட்டை விட்டுச் சுவரை நோக்கிப் போயிற்று.) ஆகவே, போட்டியைக் காட்டிலும் அதன் விதிகள் எப்போது, எப்படிக் கடுமையாக்கப்படுகின்றன என்பதே ஆய்வை நகர்த்துகிறது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய ஆரஞ்சுப் பந்து நிரல் ஒன்றை எடுத்து, விதிகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது எந்த இடத்தில் முறிகிறது என்று அளந்து பார்க்கலாமா என யோசிக்கிறேன். திங்கட்கிழமை வழிகாட்டியிடம் பேசவிருக்கிறேன்.