டெல்லி பதிவு க்யூ7, பெங்களூருக்கு எடுக்கலாமா?

கேள்வி: அல்சூர்ல இருக்கோம். வீட்டுல ஆறு பேர், ஏழு சீட் வேணும். 2018 டீசல் ஆடி க்யூ7 ஒண்ணு, டெல்லி பதிவு, இங்கத்த விலையைவிட ரொம்பக் கம்மி. அம்மாவுக்கு முழங்கால் வலி. எடுக்கலாமா?

பதில் 1: டெல்லியில டீசல் வண்டியைப் பத்து வருஷத்துக்கு மேல ஓட்ட விடமாட்டாங்கங்கற பயம், அதான் விலை இறங்குது. டெல்லி ஆர்டிஓவுல என்ஓசி (ஆட்சேபம் இல்லைங்கற சான்று) வாங்கிட்டு வந்து, இங்க கர்நாடக கேஏ நம்பருக்கு மாத்தணும். கர்நாடக ஆயுள் வரியையும் கூட்டிப் பாருங்க சார், மிச்சம் பெரிசா நிக்காது.

பதில் 2: ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை வண்டியைத் தாங்கறது) இருந்தா ராத்திரி நிறுத்திட்டு காலையில பாருங்க. ஒரு மூலை தாழ்ந்திருந்தா வேண்டவே வேண்டாம், செலவு பயங்கரம். அதைவிட முக்கியம், அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்க. மூணாவது வரிசை பெரியவங்களுக்கு ஆகாது.

கேட்டவர்: நன்றிங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவோட போய் இன்னோவா கிரிஸ்டாவும் பாக்கறேன்.