சொக்கப்பனை, மாவலி, போகி, சரவெடி: இன்னும் மனத்தை விட்டு அகலாத நெருப்பு எது?

பனையடி

எங்கள் ஊரில் திருக்கார்த்திகையன்று கோயில் வாசலில் பனையோலை சுற்றி நட்டுக் கொளுத்தும் சொக்கப்பனை எரிந்து முடியும்வரை பிள்ளைகள் யாரும் மாவலியைத் தொடக்கூடாது. அது முடிந்ததும் களத்துமேட்டுக்கு ஓடுவோம். மாவலி என்பது, பனம்பூக் கரித்தூளைத் துணியில் சுருட்டி, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் பொறி பறக்கச் சுற்றுவது.

அந்த ஆண்டு தாத்தா கட்டிக் கொடுத்த மாவலியைத் தலைக்கு மேலே வீசிச் சுற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. நெருப்போடு பறந்துபோன மாவலி அடுத்த களத்து வைக்கோற்போரின் அடியில் விழுந்தது. அந்தப் போருக்கு உரியவர், வரப்புத் தகராறு ஒன்றினால் எங்கள் வீட்டாரோடு நெடுங்காலமாகப் பேசாதிருந்தவர். போரின் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர், அவசரமே இல்லாமல் எழுந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஈரச்சாக்கை எடுத்து, புகையத் தொடங்கிய வைக்கோலை நாலு அடி அடித்து அணைத்தார். பிறகு மாவலியை எடுத்து, அறுந்த இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு, கங்கு அவிந்துவிடாமல் இருக்க வாயால் ஊதி, என் கையில் கொடுத்தார். "கயித்தை ரெட்டையா முறுக்கிக் கட்டச் சொல்லு ஒங்க தாத்தாவ" என்றார். நான் போய்ச் சொன்னதற்குத் தாத்தா பதில் ஏதும் சொல்லவில்லை. மறு கார்த்திகைக்குக் கயிறு இரட்டை முறுக்காக இருந்தது.

அவர் திட்டாததைக் காட்டிலும் அந்த ஈரச்சாக்குதான் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. பொறி வந்து விழும் என்று தெரிந்தே சாக்கை நனைத்துவைத்துக்கொண்டு காவல் இருந்த மனிதர், ஓர் அதட்டலில் எங்கள் எல்லோரையும் அங்கிருந்து விரட்டியிருக்கலாமே, ஏன் விரட்டவில்லை?

ராயபுரத்துக்காரி

பனையும் களத்துமேடும் எங்களுக்கு எட்டாத பொருள்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு நெருப்பு என்றால் மார்கழியின் கடைசி விடியலில் எரியும் போகிதான். இருள் பிரியும் முன்பே போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவோம். பழைய பாய், முறம், துடைப்பம், கிழிந்த தலையணை எல்லாம் குவிந்திருக்கும். பெரிய பையன்கள் எங்கிருந்தோ டயரை உருட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கரும்புகையை நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது எங்கள் பாட்டியைப் பற்றி. அவர் போகிக்கு எதையும் தருகிறவர் அல்லர். உடைந்த சீப்பைக்கூடப் பத்திரப்படுத்துவார். ஒரு போகியன்று, எல்லோரும் எரித்து முடித்து நெருப்பு தாழ்ந்திருந்த நேரத்தில், சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டுக் கடிதங்களோடு தானே தெருவுக்கு வந்தார். தாத்தா பர்மாவில் இருந்தபோது எழுதியவை அவை என்று அத்தை பிற்பாடு சொன்னார். பாட்டி குனிந்து கட்டை அவிழ்த்து, கடிதங்களை ஒவ்வொன்றாக அல்ல, மொத்தமாகவே நெருப்பில் வைத்தார். தாள் முழுவதும் கருகிய பிறகும் எழுத்துகள் கொஞ்சநேரம் சாம்பல்மேல் வெளிறித் தெரிந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்க நான் குனிவதற்குள் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். பிறகு சணல் கயிற்றை விரலில் சுற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனார். அந்தக் கயிறு வீட்டில் பல நாள் பல வேலைகளுக்குப் பயன்பட்டது. கடிதங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாட்டுப்பனை

பனையடி அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கயிறு அறுவது இரட்டை முறுக்கு இல்லாததால் அன்று. கங்குக்கு மிக அருகில் கட்டினால் அதன் சூட்டில் கயிறு பொசுங்கி அறும். அந்தப் பெரியவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருடைய யோசனை அரைகுறையானது.

என் நினைவு சிறியது. என் அக்காவைப் பெண் என்று சொல்லி மாவலி சுற்ற விடமாட்டார்கள். ஒரு கார்த்திகையன்று ஊர் அடங்கிய பிறகு கொல்லையில் அவள் தனியாக, சத்தமே இல்லாமல் சுற்றியதை நான் சன்னல் வழியே பார்த்தேன். "மாவலியோ மாவலி" என்று கூவாமல் சுற்றிய ஒருவரை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவ்வளவே.

இப்போது பலரும் கடையில் வாங்கிய அடுப்புக்கரியைப் பொடித்துத் துணியில் கட்டிவிட்டு, பொறி வரவில்லை என்று குறைப்படுகிறார்கள். அடுப்புக்கரி ஆகாது. ஆண்பனையில் காய்ந்து விழும் பூக்கதிரைத்தான் பொறுக்க வேண்டும். குழி தோண்டி அதில் கதிர்களை அடுக்கித் தீ மூட்டி, தழல் முழுவதும் பரவியதும் மேலே மண்ணைத் தள்ளிக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் கிடைப்பது சாம்பல், புகாவிட்டால் கிடைப்பது கரி. குழி நன்றாக ஆறிய பிறகு எடுத்து, உரலிலோ அம்மியிலோ மாவாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். சில ஊர்களில் இதோடு கொஞ்சம் உப்பும் சேர்ப்பார்கள். பழைய வேட்டித் துணியில் இதைக் குழல்போலச் சுருட்டித் தைத்து, பிளந்த பச்சைப் பனைமட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். மட்டை பச்சையாக இருப்பது முக்கியம், காய்ந்த மட்டை தானே பற்றிக்கொள்ளும். துணியின் நுனியில் கங்கை வைத்துச் சுற்றத் தொடங்கினால், காற்று பட்டுக் கனியும் கரித்துகள்கள் மட்டை இடுக்குகளின் வழியே சிதறும். கயிற்றைச் சூடு எட்டாத தூரத்தில், மட்டையின் அடிப்பக்கத்தில் கட்டுங்கள். ஈரத் தரையில் சுற்றுங்கள். பருத்தி உடை உடுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் ஊரில் ஆண்பனை இருக்க வேண்டும். நம் மாநில மரத்தை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். எங்கள் வட்டாரத்தில் செங்கற் சூளைக்குப் போன மரங்கள் அதற்கு முன்பே போய்விட்டன.

கரிசல்மண்

நான் சிவகாசிப் பக்கம். எங்கள் ஊரின் கதையை யார் சொன்னாலும், 1923இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரிலிருந்து தொடங்குவார்கள். நான் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா பட்டாசு ஆபீசில் சரம் பின்னினார். ஆலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெடிகளின் திரிகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சடைபோலப் பின்னிக்கொண்டே போவது அவருடைய வேலை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவர் பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. பண்டிகையன்று அப்பா வாங்கிவந்த வெடிகளை நானும் தம்பியும் வாசலில் வெடிப்போம். அம்மா திண்ணையில் தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எதிர்வீட்டில் நீளமான சரம் ஒன்றைத் தரையில் விரித்துப் பற்றவைத்தார்கள். அது வெடிக்கத் தொடங்கியதும் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கண்கள் மூடியிருந்தன, மடியில் கிடந்த விரல்கள் மட்டும் பின்னிக்கொண்டிருந்தன. நடுவில் சரம் ஒரு கணம் தடுமாறி மீண்டும் தொடர்ந்தது. அந்தக் கணத்தில் விரல்களும் நின்றன. "பின்னல் தளந்திருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமலே. அவர் தூங்கினாரா விழித்திருந்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

பாட்டி கடிதங்களை எரித்ததைப் பற்றி எழுதியவரே, உங்கள் பாட்டியின் விரலில் சுற்றிய கயிற்றைப் படித்ததும்தான் எனக்கு இது நினைவுக்கு வந்தது. நாட்டுப்பனை அவர்களே, மாவலியின் பொறி செம்பொன்னாகத் தெரிவது கரி மட்டும் எரிவதால். மத்தாப்பின் வெள்ளைப் பளபளப்பு அலுமினியப் பொடியினால் வருவது, பச்சை பேரியத்தினால் வருவது. அந்த அலுமினியப் பொடி படிந்த கைகளோடு சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் பெண்களை எங்கள் ஊரில் பார்க்கலாம். இந்தப் பகிர்வுகளில் நெருப்பைப் பார்த்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். செய்தவர்களையும் யாராவது எழுதட்டுமே என்றுதான் நான் எழுதினேன்.

இரவுப்பணி

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள், ஆனால் பனையடி அவர்களின் நிகழ்ச்சியை என்னால் ரசிக்க முடியவில்லை. வைக்கோற்போர் பற்றத் தொடங்கிய பிறகு, அதே நெருப்பைக் குழந்தையின் கையில் ஊதிக் கொடுப்பது பெருந்தன்மையா?

நான் செவிலியர். என் சித்தப்பா மகன் எரியாமல் நின்ற புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்தபோது அது சீறியது. புருவம் மட்டும்தான் போயிற்று. வீட்டில் இருந்த பெரியவர்கள் ஓடிவந்து அவன் முகத்தில் பேனா மையைக் கொட்டினார்கள்; நீல முகத்தோடு அவன் அழுததைப் பார்த்து நான் சிரித்ததும், என்னைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டதும் நினைவிருக்கிறது.

மை, பற்பசை, மாவு, வெண்ணெய் எதுவும் வேண்டாம் என்பதை இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள், அது தோலை மேலும் கெடுக்கும். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், அரைஞாண் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், சுற்றியுள்ளதை மட்டும் வெட்டிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்கவே கூடாது. கம்பி மத்தாப்பை ஆபத்தில்லாதது என்று நினைத்துச் சிறு குழந்தையிடம் கொடுக்கிறீர்கள்; அணைந்த கம்பியைத் தரையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு அதன்மேலேயே நடக்கிறீர்கள். வாளித் தண்ணீரில் போடுங்கள். தீபாவளி இரவில் எங்களிடம் வரும் உள்ளங்கால்கள் பெரும்பாலும் இந்தக் கம்பியால்தான் வருகின்றன.

மாடிவீடு

இரவுப்பணி அவர்கள் சொல்வது முழுவதும் சரி. ஆனாலும் அன்றைய பெரியவர்களுக்கு எச்சரிக்கையே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஈரச்சாக்கு எச்சரிக்கை இல்லாமல் வேறென்ன?

எங்கள் தெருவில் விடியற்காலை யார் வீட்டில் முதல் வெடி என்பதில்தான் போட்டியெல்லாம். இன்று தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் நேரம், ஆகவே அந்தப் போட்டி இல்லை. நாய்களுக்கும் நோயாளிகளுக்கும் அது நல்லதே. நான் சொல்லும் ஆண்டில் பக்கத்து வீட்டில் துக்கம். அவர்களுக்கு அந்த வருடம் தீபாவளி இல்லை. அந்த வீட்டுப் பையன் என் வகுப்புத் தோழன். அவன் எதிரில் வெடிக்க எங்களுக்குக் கூச்சமாக இருந்ததால், சத்தம் அதிகம் கேட்காதபடி சரத்தைப் பிரித்து ஒற்றை ஒற்றையாக வெடிக்கலாம் என்று உட்கார்ந்து உதிர்த்துக்கொண்டிருந்தோம். மதிற்சுவர்மேல் அவன் தலை தெரிந்தது. "பிரிக்காதீங்கடா, முழுசா வைங்க. எங்களுக்கும் கேக்கட்டும்" என்றான்.

முழுதாக வைத்தோம். அவன் சுவரைவிட்டு இறங்கவில்லை. அவனுடைய அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுவார் என்று பயந்தபடியே நின்றோம், அவர் கூப்பிடவில்லை.

கண்மாய்க்கரை

வெடிக்காத ஊரைப் பற்றியும் ஒரு சொல் சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிப்பதில்லை என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. சிறுவனாக அங்கே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் சட்டைப் பையில் இருந்தது பொட்டு வெடிச் சுருளும் துப்பாக்கியும் மட்டுமே. என்னைவிடச் சிறிய ஒரு பெண் கையை நீட்டி, "குடுங்க, போகும்போது தர்றேன். அங்க முட்டை இருக்கு" என்றாள். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது சொன்னபடியே எண்ணிக் கொடுத்தாள், ஒரு சுருளும் குறையவில்லை. சரவெடியைப் பெருமையாகப் பேசும் மாடிவீடு அவர்கள் ஒரு தீபாவளிக்கு அங்கே போய்வர வேண்டும்.

மாடிவீடு

பெருமை எங்கே பேசினேன்? நான் எழுதியது பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி. சரவெடிக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். கரிசல்மண் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தத் தடைக்குப் பிறகு சரம் பின்னியவர்கள் என்ன ஆனார்கள்?

கரிசல்மண்

அம்மா அதற்கு முன்பே கண்பார்வை மங்கி வேலையை விட்டுவிட்டார். தெருவில் அவரோடு பின்னியவர்களில் சிலர் தீப்பெட்டி ஆபீசுக்குத் திரும்பினார்கள், சிலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். ஒற்றை வெடிக்குத் திரி வைக்கும் வேலை இருக்கிறது, கூலிதான் குறைவு. பின்னல் வேலையை அடுத்து வந்த பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.