கொழும்பு எம்சி (மெஜஸ்டிக் சிட்டி மோல்) தியேட்டர்ட பழைய கதை தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களா?

கேள்வி:
நேற்று பம்பலப்பிட்டி எம்சியில படம் பாத்திட்டு வரேக்க அப்பா சொன்னார், மோல் வர முந்தி அங்க மெஜஸ்டிக் எண்டு ஒரு தனித் தியேட்டர் இருந்ததாம். உண்மையா?

பதில் 1:
ஓம் தம்பி, அந்தப் பேர்தான் மோலுக்கும் வந்தது. அது சிலோன் தியேட்டர்ஸ்ட தியேட்டர், அந்தக் கம்பனிய 1928ல தொடங்கினது எங்கட தமிழர், சேர் சிற்றம்பலம் கார்டினர், கொம்பனித்தெருவில அவர்ட பேரில ரோட்டே இருக்கு, தினமும் அதால போறம் ஆனா ஆர் எண்டு பிள்ளையளுக்கு ஒருத்தரும் சொல்றேல்ல, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி. சினிமாஸ் கம்பனி குணரத்தினத்தையும் மறக்காதீங்கோ, ஹெந்தளையில இருந்த அவர்ட விஜயா ஸ்டூடியோவ 83 ஜூலைக் கலவரத்தில எரிச்சுப் போட்டாங்கள், எத்தின படச்சுருள் போச்சுதோ. நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

பதில் 3:
இப்ப காலிமுகத்திடல் பக்கம் பிவிஆர் தியேட்டர் 9 திரையோட இருக்கு, 2019ல வந்தது. வசதிதான். எண்டாலும் தெஹிவளை கொன்கோட் தியேட்டர்ல சனத்தோட சனமா விசிலடிச்சுப் பாத்த மாதிரி வராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணை, அப்பாட்ட இதை வாசிச்சுக் காட்டப்போறன்.