'ஆஃப்செட்' என்பதற்கு 'முந்துகை': நேரத் தொகுதிக்கான ஒரு கலைச்சொல் குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் நிரல்மொழியின் செந்தர நிரலகத்தில் (மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) நாளையும் நேரத்தையும் கையாளும் தொகுதிக்கு ஆவணம் எழுதும் பணி ஒரே ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. ஓர் ஊரின் கடிகார நேரம் உலகப் பொது நேரமான யூடிசி நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லும் எண்ணை ஆங்கிலத்தில் ஆஃப்செட் என்கிறார்கள். இதற்கு நம் ஆவணத்தில் ஓரிடத்தில் 'நேர வேறுபாடு' என்றும், ஓரிடத்தில் 'விலக்கம்' என்றும், ஓரிடத்தில் 'நேர மண்டலம்' என்றும் எழுதியிருக்கிறோம். முதல் இரண்டும் குறையுடையவை, மூன்றாவது பிழையே.

அது ஏன் பிழை என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். நான் கூடலூர்க்காரன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. இலங்கை மலையகத்து அட்டனிலேயே தங்கிவிட்ட சித்தப்பாவுக்கு 1997 ஜூலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நேரம் காலை 6.10 என்று கடிதத்தில் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து இங்கே ஒரு மென்பொருளில் அந்த நேரத்தைக் கொடுத்து ஜாதகம் கணித்தார்கள். அம்மென்பொருள் இலங்கைக்கு +5.30 என்னும் எண்ணை மட்டுமே அறிந்திருந்தது. ஆனால் இலங்கை 1996 மே 25 அன்று +6.30க்கும், அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று +6.00க்கும் மாறி, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் +5.30க்குத் திரும்பியது. ஆகவே அக்குழந்தை பிறந்தபோது கூடலூர்க் கடிகாரத்தில் மணி 5.40; ஜாதகமோ அரைமணி நேரம் கழித்துப் பிறந்த வேறொரு குழந்தைக்கு உரியதாகிவிட்டது. லக்கினம் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறும் என்பதால், அரைமணி என்பது சோதிடத்தை நம்புகிறவர்களுக்குச் சிறிய பிழையன்று. நம்பாத எனக்கும் அது நல்லதொரு சோதனைத் தரவாகப் பயன்படுகிறது.

நேர மண்டலம் என்பது ஒரு நிலப்பரப்பின் கடிகாரங்கள் எந்தெந்த நாளில் எப்படி மாற்றப்பட்டன என்னும் முழு வரலாறு. அந்த வரலாற்றிடம் ஒரு குறிப்பிட்ட கணத்தைக் கொடுத்துக் கேட்டால் கிடைக்கும் விடைதான் நாம் பெயர் தேடும் எண். ஜாவா மொழி 2014இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பில் இவ்விரண்டையும் வெவ்வேறு வகைகளாகவே பிரித்து வைத்தது. நம் நாட்டிலும் எண் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை: 1906க்கு முன் ரயில்வே பின்பற்றிய சென்னை நேரம் யூடிசியின் முன்னோடியான கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முந்தியிருந்தது, போர்க்காலத்தில் 1941 அக்டோபர் முதல் 1942 மே நடுவரையிலும், மீண்டும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரையிலும் நாம் +6.30இல் இருந்தோம்.

இங்கேயே மண்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சித்த மருத்துவர் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொன்னால் அது 48 நாள். நாட்களை எண்ணுவதற்கென்றே இருக்கும் தொகுதியில் நாட்கணக்கைக் குறிக்கும் சொல்லை நிலப்பரப்புக்குக் கொடுப்பது வீண் வம்பு. இலங்கையில் பழகிய 'வலயம்' இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.

குன்னூர் ஆசிரியர் ஐயா அவர்கள் 'தேசாந்தரம்' என்னும் சொல்லை முன்வைத்திருந்தார்கள். பஞ்சாங்கக் கணிதத்தில் ஊருக்கு ஊர் நேரத்தைத் திருத்தும் அளவுக்கு அப்பெயர் உண்டென்பதும், நாடு முழுதுக்குமான திட்ட நேரத்தை அந்தந்த ஊரின் 'சுதேச மணி'யாக மாற்றும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறதென்பதும் உண்மை. எனினும் அது தீர்க்கரேகையிலிருந்து பிறக்கும் அளவு. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்கு ரேகையைச் சார்ந்தது, உதகையோ 76.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டால் உதகையின் சுதேச மணி கடிகாரத்தைவிடச் சுமார் 23 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒரு நாழிகை, பின்தங்கியிருக்கும். சூரியன் கொடுக்கும் எண் அது. நமக்கு வேண்டியது அரசாங்கம் கொடுக்கும் எண். ஓர் அரசாணையில் மாறிவிடக்கூடிய ஒன்றுக்குத் தேசாந்தரம் என்று பெயரிட்டால், ஊரின் ரேகையிலிருந்து அதைக் கணித்துவிடலாம் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ஐயா பொறுத்தருள வேண்டும்.

'வேறுபாடு' இரண்டு நேரங்களைக் கழித்தால் வரும் விடைக்குத் தேவைப்படுகிறது. 'விலக்கம்' என்றால் சரியான ஒன்றிலிருந்து நாம் விலகிவிட்டதுபோல் தொனிக்கிறது. 'பெயர்ச்சி' என்பதைச் சிலர் சொன்னார்கள். அது அருமையான சொல். ஆனால் இந்த எண்ணுக்கு உரியதன்று. குருப்பெயர்ச்சி என்பது குரு ஓரிடம் விட்டு மற்றோரிடம் புகும் நிகழ்ச்சி. அதைப்போல வலயம் ஓர் எண்ணை விட்டு மற்றோர் எண்ணுக்கு மாறும் கணத்தை, 1996 மே 25 போன்றதை, 'நேரப்பெயர்ச்சி' என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது. அச்சொல்லை அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

எண்ணுக்கு நான் முன்வைப்பது 'முந்துகை'. கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைத்திருக்கிறேன் என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ஆஃப்செட் என்னும் ஆங்கிலச் சொல் திசையைச் சொல்வதில்லை. அதனால், நாளையும் நேரத்தையும் எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் +05:30 என்று எழுதப்படும் அதே எண்ணை, ஜாவாஸ்கிரிப்டின் பழைய நாள் வகை −330 நிமிடம் என்று திருப்பிக் கொடுக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரமாகிய போசிக்ஸின் வழக்கைப் பின்பற்றும் நேர வலயத் தரவுத்தளத்தின் சில பெயர்களில், கிரீனிச்சுக்கு ஐந்து மணி முந்திய பகுதி 'ஜிஎம்டி−5' என்று இருக்கிறது. இவற்றில் எதுவும் அதனதன் விதிப்படி தவறில்லை. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதைச் சொல் சொல்லாமல் விட்டதுதான் குழப்பம். முந்துகை என்றால் குறி தானாகவே வந்துவிடுகிறது. நாம் யூடிசியைவிட எவ்வளவு முந்தியிருக்கிறோம்? ஐந்தரை மணி. ஆகவே +5.30.

அன்புடன்,
கூடலூரிலிருந்து

*

ஐயாவுக்கு வணக்கம்.

வலயம், பெயர்ச்சி ஆகிய இரண்டையும் முழுமனதோடு ஏற்கிறேன். முந்துகையில்தான் தயக்கம். குளிர்காலத்தில் நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதன் முந்துகை −5 என்று எழுதினால் மாணவர்கள் சிரிக்க மாட்டார்களா? இருபுறத்தையும் தழுவும் 'முன்பின்' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாமே.

இன்னொன்று. கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் நேரப்பெயர்ச்சியில் ஒரே மணி இருமுறை வரும். முன்னுக்குத் தள்ளினால் சில மணி வராமலே போகும். இவற்றுக்கும் பெயர் வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து

*

அம்மாவுக்கு வணக்கம்.

'முன்பின்' எனக்கும் முதலில் தோன்றிய சொல்தான். ஆனால் பேருந்து பத்து நிமிடம் முன்பின் வரும் என்றால், எப்போது வரும் என்று உறுதியில்லை என்பதே நம் பேச்சில் பொருள். நமது எண் விநாடி சுத்தமானது. சென்னை நேரத்தைப் போன்ற பழைய நேரங்களுக்காக விநாடியையும் அது தாங்கியாக வேண்டும். கழித்தல் குறியைப் பொறுத்தவரை, வேகம் குறைவதை எதிர்க்குறியுள்ள முடுக்கம் என்று பள்ளி இயற்பியலில் எழுதிப் பழகிய மாணவர்களுக்கு எதிர்க்குறியுள்ள முந்துகை புதிதாக இராது. ஆயினும் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. திரையில் பயனருக்குக் காட்டும் இடங்களில் மட்டும் '5 மணி பிந்தியது' என்று எழுதும்படி வடிவமைப்புச் செயற்கூற்றை மாற்றிவிடுகிறேன். நிரலுக்குள் முந்துகை ஒன்றே இருக்கட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இலங்கையே எடுத்துக்காட்டாகிறது. 1996 மே 25 அன்று நள்ளிரவு 12 மணி நேராக 1 மணியானது. இடைப்பட்ட ஒரு மணி நேரம் அங்கே எந்தக் கடிகாரத்திலும் இல்லை. அக்டோபர் 26 அன்று நள்ளிரவு 12.30 மீண்டும் 12 ஆனது. அந்த அரைமணி இருமுறை வந்தது. 'பொழுது' என்னும் சொல்லை நம் தொகுதியில் இதுவரை எங்கும் செலவழிக்கவில்லை. இல்லாமற்போனதை 'விடுபொழுது' என்றும், திரும்பி வந்ததை 'மீள்பொழுது' என்றும் வைத்துக்கொள்ளலாமா? மீள்பொழுதில் விழும் நேரத்தைப் பயனர் கொடுத்தால், முதலாவதா இரண்டாவதா என்று கேட்காமல் நிரலகம் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதையும் ஆவணத்தில் சேர்க்கிறேன். மாறுபட்ட கருத்துள்ளவர்கள், முதல் வரைவு உறுதியாகும் முன் எழுதிவிட வேண்டுகிறேன்.

கூடலூரிலிருந்து