இரண்டு பென்சில் பேட்டரி போடும் டார்ச்: இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டா?

மலைத்தேனீ

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு ஆண்டி சுனை தெரியும். அதற்குச் சற்று முன்னால், பின்னிரவில், என் டார்ச் கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சார்ஜ் டார்ச். பூண்டி கோயில் வாசலில் பார்த்தபோது பச்சை விளக்குதான் காட்டியது. பையில் பவர் பேங்க் இருந்தது. ஆனால் வயரைச் செருகினால் சார்ஜ் ஏறுமே தவிர டார்ச் எரியாது. அப்படி ஒரு அமைப்பு. காற்று ஆளையே தள்ளுகிறது.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அவருடைய டார்ச்சும் மங்கியது. நின்றார். மூங்கில் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திருகினார். தீர்ந்த இரண்டையும் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வேறு இரண்டை எடுத்தார். கும்மிருட்டு. குமிழ் எந்தப் பக்கம் என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தே உள்ளே தள்ளினார், மூடினார், வெளிச்சம். ஒரு வெற்றிலையை மடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. என்னைப் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 18650 என்ற பெரிய லிதியம் சார்ஜ் செல் வந்துவிட்ட காலத்தில் ஏஏ, அதாவது பென்சில் பேட்டரி போடும் டார்ச் வாங்குவது பைத்தியக்காரத்தனமா? வைத்திருப்பவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியில் வெளிச்ச அளவு என்று போட்டிருக்கும் லுமென் கணக்கு வேண்டாம்.

தலைஞாயிறான்

கஜா புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை. 2018 நவம்பர் 16, விடியுமுன் அடித்து முடித்துவிட்டது. மின்கம்பங்கள் எல்லாம் வயலில் படுத்துக் கிடந்தன. தெருவுக்குக் கரண்ட் வரப் பல வாரங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காசு, அதற்கும் வரிசை. அங்கே போய் டார்ச்சையும் செருகினால் பின்னால் நிற்பவர் சும்மா விடுவாரா?

பெட்டிக்கடையில் பென்சில் பேட்டரி உடனே தீர்ந்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தில் ஒன்று இருந்தது. இன்னொன்றுக்கு டிவி ரிமோட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒல்லி ரகம். நீளமும் ஆறு மில்லிமீட்டர் குறைவு. பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பதாவது படிப்பவன், சாக்லேட் சுற்றி வந்த அலுமினியத் தாளை உருண்டையாகப் பிசைந்து அடியில் வைத்தான். ஆடாமலிருக்கச் செல்லைச் சுற்றி நோட்டுத்தாளைச் சுருட்டி நுழைத்தான். எரிந்தது. அதை மேலே அடித்துப் பார்த்தபோதுதான், தென்னை எங்கள் ஓட்டின் மேல் எப்படித் தொற்றிக்கொண்டு நிற்கிறது என்பதே தெரிந்தது. அந்த ராத்திரியே பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டோம். மரம் மறுநாள் மாலை விழுந்தது.

மூன்றாம் மாடி

மலைத்தேனீ, குறை டார்ச்சிலா? டர்போவில், அதாவது உச்ச வெளிச்சத்தில், போட்டுக்கொண்டு ஏறினால் எந்த டார்ச்சும் அப்படித்தான் அணையும். ஒரு நல்ல 18650 செல்லில் பத்து வாட்-மணிக்கு மேல் மின்சக்தி இருக்கிறது. ரீசார்ஜ் ஏஏ இரண்டைச் சேர்த்தாலும் அதில் பாதிகூடத் தேறாது. பெரியவர் மாற்று செல் வைத்திருந்தார், நீங்கள் வைத்திருக்கவில்லை. கதை அவ்வளவுதான்.

என் அனுபவம் இது. எங்கள் அடுக்ககத்தில் மழை நாளில் கரண்ட் போய், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மாமி. மீட்டர் பெட்டியில் "அவசரத்துக்கு" என்று எழுதி வைத்திருந்த ஏஏ டார்ச்சை எடுத்தேன். எரியவில்லை. மூடி திருகவும் வரவில்லை. படியில் தட்டினேன், திறந்ததும் உள்ளங்கையில் வெள்ளைத் தூள் கொட்டியது. ஸ்பிரிங் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு செல் வெளியே வந்தது, மற்றது குழாயோடு ஒட்டிக்கொண்டது. நான் தட்டும் சத்தத்தைக் கேட்டுவிட்டு லிஃப்டுக்குள்ளிருந்து மாமி நிதானமாகச் சொன்னார்: "பேட்டரி கசிந்திருக்கும், அதை விட்டுவிட்டுச் செல்போனை அடியுங்கள்."

அவசரத்துக்கு வைத்த பொருள் அவசரத்தில் கைவிட்டால் அது பொருளே இல்லை.

செல் சித்தர்

என் கதை சிறியது: இரவு பஸ்ஸில் டயர் பஞ்சர், டிரைவருக்கு நான்தான் ஏஏ டார்ச் பிடித்தேன், ஸ்டெப்னி மாற்றி முடிக்கும்வரை எரிந்தது.

ஆனால் மூன்றாம் மாடி சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. கசிந்தது டார்ச்சின் குற்றமா? அல்கலைன் செல்லை உள்ளேயே போட்டு வருடக்கணக்கில் மறந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரத்தான் செய்யும். அது காரம். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ பஞ்சை நனைத்துத் துடைத்தால் நுரைத்து விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டுவிடக் கூடாது. மலிவான கார்பன்-துத்தநாகச் செல் என்றால் கசிவது அமிலத்தன்மை உள்ளது. அதற்கு வினிகர் உதவாது, சமையல் சோடா கரைசல்தான். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும்.

இரண்டாவது. பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். வலுவுள்ள செல், வலுவிழந்ததைப் பூஜ்யத்துக்கும் கீழே இழுத்துக்கொண்டு போகும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தலைஞாயிறான் வீட்டுப் பையன் கெட்டிக்காரன், ஆனால் ரிமோட் செல்லும் கடிகார செல்லும் ஜோடி போட்ட டார்ச்சை அப்படியே அலமாரியில் வைத்திருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். வெள்ளை எல்இடி எரிய மூன்று வோல்ட் அளவில் வேண்டும். புதிய அல்கலைன் இரண்டும் சேர்ந்தால் சரியாக மூன்று. கொஞ்சம் தேய்ந்ததும் அதற்குக் கீழே இறங்கிவிடும். ரீசார்ஜ் செல் என்றால் இரண்டும் சேர்ந்தே 2.4 அளவில்தான். ஆகவே உள்ளே மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் இருக்கும் டார்ச்சாகப் பாருங்கள். அது இல்லாத நடைபாதைக் கடைச் சரக்கை வாங்கிவிட்டு ஏஏ டார்ச்சே மங்கல் என்று திட்டுகிறார்கள்.

நான்காவது, 14500 என்று ஒரு லிதியம் செல் வருகிறது. அளவில் ஏஏ போலவே இருக்கும், ஆனால் ஒன்றே 3.7 வோல்ட். இரண்டைச் சாதாரண ஏஏ டார்ச்சில் போட்டால் முழுச் சார்ஜில் எட்டைத் தாண்டும். எல்இடி போய்விடும். கடைக்காரர் பொருந்தும் என்பார். அளவு பொருந்தும், அவ்வளவுதான்.

வரப்புக்காரன்

சித்தரே, வாத்தியார் வேலையை விடுங்கள். மும்முனைக் கரண்ட் ராத்திரி முறையில் வரும்போது மோட்டார் போடப் போகிறவனைக் கேளுங்கள்.

அலுமினியக் குழாய், இரண்டு செல், குறுகின ஒளி. வரப்பில் அதை நேரே முன்னால் அடித்துக்கொண்டு நடந்தேன். தூரத்து மோட்டார் கொட்டகை நன்றாகத் தெரிகிறது. காலடி தெரியவில்லை. 'புஸ்' என்று குக்கர் விசில் அளவுக்குச் சத்தம். கண்ணாடி விரியன். சத்தம் வந்த திசையில் அடித்தேன், சருகுதான் தெரிந்தது. இன்னும் ஒரு தடவை பார்த்த பிறகுதான் அந்தச் சருகில் சங்கிலி வட்டங்கள் இருப்பது தெரிந்தது. நீல வெள்ளை வெளிச்சத்தில் பழுப்பு எல்லாம் ஒரே சாம்பல். இப்போது என்னிடம் இருப்பது மஞ்சள் கலந்த ஒளி, அகலமாக விழுவது. அதுவும் ஏஏ இரண்டுதான். மலைத்தேனீ, நீங்கள் என்ன பேட்டரி என்று கேட்கிறீர்கள். ஒளி எப்படி விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

வடமராட்சிப் பெடியன்

இங்கே எல்லோரும் கடைக்குப் போனால் பற்றரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறீர்கள். 1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரத் தடை செய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து எரித்துத்தான் படித்தோம். ரேடியோ கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம்.

கொழும்புக்குப் போய்க் கிளாலிக் கடலால் திரும்பி வந்த மாமா, பால்மா டின்னுக்குள் பென்ரோர்ச் பற்றரி இரண்டை ஒளித்துக் கொண்டுவந்தார். அம்மம்மா அவற்றை ரோர்ச்சுக்குள் வைக்கவே விடமாட்டார். துணியில் தனித்தனியாகச் சுற்றிச் சாமியறையில் வைத்திருந்தார். குண்டுவீச்சு விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை பங்கருக்குள் இறக்குமுன் பற்றரியைப் போட்டு, உள்ளே ஒருதரம் அடித்துப் பார்ப்பார், பாம்போ தேளோ இருக்கிறதா என்று. உடனே நிறுத்திப் பற்றரியைக் கழற்றிவிடுவார். மற்றதெல்லாம் இருட்டில்தான். மூன்றாம் மாடிக்கு: அந்தப் பற்றரிகள் கசியவே இல்லை.

இப்போது இருப்பது ரொறன்ரோவில். காருக்குள் ஒரு ஏஏ ரோர்ச், கூடவே ரீசார்ஜ் செய்ய முடியாத லிதியம் ஏஏ. விலை அதிகம், ஆனால் மைனஸ் 40 பாகை குளிர் வரை தாங்கும். பனிக்காலத்தில் அல்கலைன் சோர்ந்துவிடும்.

மூன்றாம் மாடி

அம்மம்மாவோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் எங்கள் சங்கத்தில் வாட்ச்மேன் பற்றரியைத் துணியில் சுற்றி வைத்தால், தேவைப்படும் அன்று துணி மட்டும்தான் இருக்கும். சித்தரே, வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தது. ஸ்பிரிங்கும் கையோடு வந்துவிட்டது.

செல் சித்தர்

ஊற்றச் சொன்னேனா? பஞ்சில் நனைத்து என்றல்லவா எழுதியிருக்கிறேன்!

மலைத்தேனீ

சண்டையை நிறுத்துங்கள். வரப்புக்காரரே, அந்த மஞ்சள் ஒளி டார்ச் எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை? சித்திரைக்குள் மறுபடி ஏறப் போகிறேன், தம்பியும் வருகிறான். இரண்டு வேண்டும்.